விறகு தூக்குகிற கைக்கு எந்த கிளவுஸ்

ஸ்டோரில் புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று குடோனிலிருந்து கேட்டார்கள். எந்தச் சாமான் எந்த ரேக்கில், எதற்கு யாரிடம் கையெழுத்து என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே பழகிவிடும். அதை எழுதப் போவதில்லை. ஹேண்ட் கிளவுஸ் வாங்கிய கதையை மட்டும் சொல்கிறேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்று தெரியும். படிக்கத் தெரிந்தவர்கள் டீ குடிக்கிற நேரத்தில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

செம்பூர் விறகுக் குடோனில் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டது நான்தான். அப்போது வீடு தாராவியில். இப்போது ரிட்டையராகி நெருளில் மகளோடு இருக்கிறேன். குடோனில் நான் ஒருத்திதான் பெண். லோடர்கள் எல்லோருக்கும், என்னைவிட மூத்தவர்களுக்கும்கூட, நான் அக்கா.

நம்மிடம் வருகிற கட்டை எப்படிப்பட்டது என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். மழையில் விழுந்த தூங்குமூஞ்சி மரம், வெளியூர் லாரியில் வருகிற வேலமரம், வீடு இடித்த இடத்துப் பழைய உத்திரம், எல்லாம் கலந்துதான் வரும். அறுத்துப் பிளந்து பாவ் ரொட்டி சுடுகிற பேக்கரிக்கும் கல்யாணச் சமையல்காரர்களுக்கும் சுடுகாட்டுக்கும் அனுப்புகிறோம். பேக்கரிகள் ஒவ்வொன்றாக கேஸுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் குடோனில் கட்டை இருக்கிற வரைக்கும் அதைத் தூக்க ஒரு கை வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில், அம்பர்நாத்திலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த லோடர் ஒருவருக்கு விரலில் சிராய் ஏறிவிட்டது. எல்லோருக்கும் தினமும் ஏறுவதுதான். அவர் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு வேலை செய்தார். கட்டு பெரிதாகிக்கொண்டே போனது எனக்குக் கண்ணில் பட்டது. கேட்டபோதெல்லாம், சரியாகிவிடும் என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். கடைசியில் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விரல் நுனி கறுத்திருந்தது.

விரலை எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அந்த வார்டிலிருந்த சிஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். வயது என்னைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பெயர் கேட்கத் தோன்றவில்லை, பிறகு அவரைப் பார்க்கவும் இல்லை. இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று ஹிந்தியில் கேட்டார். ஒன்றும் இருக்காது என்று நினைத்தோம் என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஒன்றும் இல்லை என்று சொல்வது எங்கள் வேலை. சந்தேகம் வந்தால் இங்கே கொண்டுவந்து விடுவது உன் வேலை. எங்கள் வேலையை நீ செய்யாதே.

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆஸ்பத்திரிக்கு அலைந்தவளுக்கு இந்தப் பேச்சா என்று பஸ்ஸில் முழுக்கப் புழுங்கிக்கொண்டு வந்தேன். கோபம் இறங்கிய பிறகும் அந்தப் பேச்சு மட்டும் மனதில் நின்றுவிட்டது.

நம் முதலாளி, சேட், நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம். விரல் விஷயம் கேட்டதும், எல்லோருக்கும் நல்லதாக, கனமாக ஹேண்ட் கிளவுஸ் வாங்கிப் போடு என்றார். நான் கடை கடையாக ஏறி இறங்கி, இருப்பதிலேயே கனமானதை வாங்கினேன். வெல்டிங் செய்கிறவர்கள் போடுவார்களே, முழங்கை வரைக்கும் வருகிற தோல் கிளவுஸ், அது. கையில் எடுத்தாலே ஒரு பலம் தெரியும். வருஷக்கணக்கில் உழைக்கும் என்று கடைக்காரர் சொன்னார். அது உண்மைதான். போட்டால்தானே கிழியும்?

ஒரு வாரம் கழித்துப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். இரண்டு ஜோடி ஆணியில் தொங்கின. ஒன்றைத் தலைக்கு வைத்து ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒன்றை டீ கெட்டிலை இறக்கப் பயன்படுத்தினார்கள். கட்டைமேல் இருந்த கைகள் எல்லாம் வெறுங்கைகள். சத்தம் போட்டேன். இசக்கிமுத்து மட்டும் பக்கத்தில் வந்தான்.

இவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கதை இவனுடையதுதான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஊர்க்காரர்களோடு தாராவியில் ஒரு ரூமில் இருந்தான். ஆள் ஒல்லி, கை சின்னது, ஆனால் பெரிய ஆட்கள் சளைக்கிற கட்டையை அசையாமல் தோளுக்கு ஏற்றிவிடுவான். அவன் என்னிடம் சொன்னான்: "அக்கா, கோவப்படாதீங்க. இதப் போட்டா கட்டை கையில இருக்கா நழுவுதான்னே தெரிய மாட்டேங்கு. செலாம்பு குத்துனா கை மட்டுந்தான் போவும். கட்டை நழுவுனா காலே போயிரும்."

உங்களுக்காக அலைந்து வாங்கினால் இப்படிப் பேசுகிறீர்களே என்று அவனையும் ஏசிவிட்டுத்தான் ஸ்டோருக்குத் திரும்பினேன். உட்கார்ந்து யோசித்தபோது, நான் ஒரு தடவைகூட அதைப் போட்டுக்கொண்டு ஒரு கட்டையையும் தூக்கவில்லை என்பது உறைத்தது. கடையில் நின்று கையை நுழைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஆள் குறைவாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே டெம்போவுக்கு விறகு ஏற்றினேன். மூன்று வகை கிளவுஸ் கையில் இருந்தன. முதலில் புள்ளி வைத்த நூல் கிளவுஸ். போட இதமாக இருந்தது. ஆனால் நூல் இடுக்கு வழியாகச் சிராய் ஊசி மாதிரி உள்ளே வந்தது, வந்த பிறகு நூலோடு சிக்கிக்கொண்டு வெளியே வர மறுத்தது. அடுத்தது உள்ளங்கையில் ரப்பர் பூசியது. ஈரக் கட்டையைப் பிடிக்க இதுபோல வேறில்லை. ஆனால் வேலமுள் ரப்பரைச் சட்டையே செய்யவில்லை, புறங்கையும் வெறும் துணி. கொஞ்ச நேரத்தில் உள்ளே கை வெந்து போயிற்று. கடைசியில் நான் வாங்கிய கனத்தது. இரண்டாவது கட்டையே நழுவி என் கால் பக்கத்தில் விழுந்தது. தள்ளி நின்றதால் தப்பித்தேன். இசக்கி சற்றுத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை. கட்டையை எடுத்து டெம்போவில் வைத்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு என் கேள்வி மாறிவிட்டது. எது பலமானது என்று கேட்பதை விட்டுவிட்டு, லோடர்கள் கிழித்துப் போட்டதை எல்லாம் கொண்டுவரச் சொல்லி, எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்த்தேன். எந்த வகையானாலும் ஒரே இடங்கள்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற கவட்டை, அதையொட்டிக் கட்டைவிரலின் அடி, ஆள்காட்டி விரலின் நுனி. மற்ற இடமெல்லாம் புதிது மாதிரி இருக்கும். நாம் காசு கொடுத்து வாங்குகிற கனத்தில் முக்கால்வாசி தேவையில்லாத இடத்தில் இருக்கிறது.

கிழிந்ததை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு தாராவியில் பர்ஸும் பெல்ட்டும் தைக்கிற ஒரு பட்டறைக்குப் போனேன். மெல்லிய, வழவழப்பான மேல்தோல். இரண்டு பக்கமும் சொரசொரப்பாக இருக்கிற அடித்தோல் வேண்டாம், அது தண்ணீர் குடித்துக் கட்டையாகிவிடும். கிழிகிற இடங்களில் மட்டும் இன்னொரு அடுக்கு. விரல் மடக்க உறுத்தாதபடி தையல் வெளிப்பக்கம். மணிக்கட்டில் எலாஸ்டிக், அதற்குமேல் ஒன்றும் தொங்கக் கூடாது. மூன்று சைஸ். இப்படிக் கேட்டேன். பட்டறைக்காரர் ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். ஒரு வாரம் இசக்கி போட்டுப் பார்த்து, சுண்டு விரல் பிடிக்கிறது என்றான். அதைத் திருத்தினோம். சேட்டுக்கு விலை கொஞ்சம் உறுத்தியது. கிழிந்த பையை மேஜைமேல் கொட்டிக் காட்டியதும் ஒத்துக்கொண்டார். மழைக்காலத்தில் ஆளுக்கு இரண்டு ஜோடி என்பதையும் அன்றே கேட்டு வாங்கிவிட்டேன். நனைந்த தோல் காய நாளாகும். அடுப்புப் பக்கத்தில் காயவைத்தால் அப்பளம் மாதிரி ஆகிவிடும்.

இந்தத் தடவை ஆணியில் எதுவும் தொங்கவில்லை. சாப்பிடப் போகும்போதுகூடச் சிலர் இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள். எனக்கு ரொம்பத் திருப்தி.

அடுத்த ஆடி மாதம். இரண்டு நாளாக விடாத மழை. இசக்கிக்கு அன்று கடைசி நாள் வேலை, மறுநாள் காலையில் ஊருக்கு ரயில். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மனைவி மாரி முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். டிக்கெட் கடைசி வரைக்கும் வெயிட்டிங்கில் இருந்து, முந்தின நாள்தான் கிடைத்திருந்தது. பதினைந்து நாள் லீவு கிடைத்த சந்தோஷத்தில் காலையிலிருந்து எல்லோரையும் சீண்டிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் பேக்கரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பின்சுவரையொட்டி, நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓடுகிற பக்கத்தில், பழைய அடுக்கு ஒன்று இருந்தது. மேலே இருந்ததெல்லாம் நனைந்துவிட்டதால் அடியில் காய்ந்திருந்த கட்டையை இசக்கி உருவினான். நான் ஸ்டோர் வாசலில் நின்றேன். அவன் கையை வெடுக்கென்று இழுத்து உதறியதைப் பார்த்தேன். ஏதோ கீழே விழுந்து கட்டைகளுக்கு நடுவில் போய்விட்டது. பக்கத்திலிருந்தவர்கள் பாம்பு பாம்பு என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள்.

நான் போவதற்குள் அவன் கிளவுஸைக் கழற்றியிருந்தான். சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "பாத்தீங்களாக்கா, ஒங்க கிளவுஸக் கடிச்சிட்டுப் போவுது" என்றான். என்ன பாம்பு என்று கேட்டேன். குட்டையாக, மண் நிறத்தில் இருந்தது, தண்ணிப் பாம்பாக இருக்கும் என்றான். இன்னொருவர், இல்லை, விரியன் என்றார். சரியாக யாரும் பார்க்கவில்லை.

கிளவுஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். கட்டைவிரல் அடியில் இரண்டு ஈரப் புள்ளிகள். ஒன்று, நாம் இரண்டாவது அடுக்கு வைத்துத் தைத்த இடத்தின்மேல். உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன், அங்கே தோல் அப்படியே இருந்தது. இன்னொன்று, அந்த அடுக்கு முடிகிற தையலுக்கு வெளியே. அங்கே தோல் ஒற்றைதான்.

அவன் கையைப் பிடித்துப் பார்த்தேன். விறகு தூக்குகிறவன் கை. அந்த இடத்தில் மட்டும் நாலைந்து குத்துக் காயங்கள் இருந்தன. ஒன்றில் கடுகளவு ரத்தம். "அது காலைல குத்துன முள்ளுக்கா" என்றான். அப்படியும் இருக்கலாம். கட்டை லேசாக இருக்கிறதே என்று வேலமுள் லோடு இறக்கும்போது கிளவுஸைக் கழற்றியிருப்பான். அல்லது பாம்பின் பல்லாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல எந்த வழியும் இல்லை.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். என்னைச் சுற்றி எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் கயிற்றைக் கொண்டுவந்து, மணிக்கட்டுக்கு மேலே இறுக்கிக் கட்டு என்றார். ஒருவர் பிளேடால் கீறி ரத்தத்தை வெளியேற்றச் சொன்னார். தாராவியில் விஷம் இறக்குகிற ஆள் ஒருவர் இருக்கிறார், அங்கே போகலாம் என்றார் வேறொருவர். இரண்டு பேர் கம்பை எடுத்துக்கொண்டு பாம்பைத் தேடப் போனார்கள். சேட்டுக்குப் போன் போட்டேன். கடி இல்லையென்றால் கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார், ஆஸ்பத்திரி என்றால் போலீஸ், விசாரணை என்று ஆகிவிடும் என்றார். இசக்கியோ, தன்னை அட்மிட் பண்ணிவிட்டால் ரயில் போய்விடும் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

எனக்குள்ளும் அதே ஆசை இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். நான் பார்த்துப் பார்த்துத் தைக்க வைத்த கிளவுஸ். அது காப்பாற்றிவிட்டது என்று நம்பத்தான் மனது துடித்தது. அந்த நேரத்தில் அந்த சிஸ்டரின் கோபமான முகம் ஞாபகத்துக்கு வந்தது. ஒன்றும் இல்லை என்று சொல்வது என் வேலை இல்லை.

சேட்டிடம், நான் டெம்போவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், பேக்கரிக்கு வேறு வண்டி பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். பாம்பைத் தேடப் போனவர்களைத் திரும்பி வரச் சொன்னேன். இன்னொரு கை அடுக்குக்குள் போக வேண்டாம். கயிறு, பிளேடு எல்லாம் ஓரமாக வைக்கச் சொன்னேன். வீங்க ஆரம்பித்தால் எடுக்க முடியாது என்று மோதிரத்தைக் கழற்றச் சொன்னேன். அதற்குத்தான் அவன் முதல் தடவையாக முகம் சுளித்தான். கல்யாண மோதிரம். சோப்பைப் போட்டு நானே உருவி, முந்தானையில் முடிந்துகொண்டேன். ஒரு மரச்சட்டத்தைக் கைக்கு அடியில் கொடுத்து, அவன் துண்டாலேயே தளர்வாகக் கட்டி அசையாமல் வைத்தேன். கிளவுஸை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டேன்.

"நடந்தே வாரேன்க்கா, நல்லாத்தான இருக்கேன்" என்றான்.

"ஏல, ஒரு எட்டு வச்சேன்னா பாத்துக்க. ரெண்டு பேரு தூக்குவாவ. மூட்ட மாதிரிப் போ" என்றேன்.

அப்படித்தான் டெம்போவில் ஏற்றினார்கள்.

வழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. டிரைவர் பாலத்துக்கு மேலே போய்ச் சுற்றி இறங்கினார். வண்டி நின்ற இடத்திலெல்லாம் நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீங்குகிறதா, நிறம் மாறுகிறதா, பல்லில் ரத்தம் வருகிறதா, கண் செருகுகிறதா. தெரிந்ததையெல்லாம் கேட்டேன். வலிக்கிறதா என்றால் இல்லை என்றான், கொஞ்சம் கழித்து, எரிகிற மாதிரி இருக்கிறது என்றான், உடனே, நீங்கள் கேட்டுக் கேட்டுத்தான் எரிகிறது என்றான். டிரைவர் சிரித்தார். பாதி வழிக்கு மேல் அவன் வேடிக்கை பேசுவதை நிறுத்திவிட்டான். மேலே தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் ஒருவர் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். கையைப் பார்த்தார். அவராலும் எந்தப் புள்ளி எது என்று சொல்ல முடியவில்லை. கிளவுஸை நீட்டினேன். டார்ச் அடித்து இரண்டு புள்ளிகளையும் பார்த்தவர், கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று என்று திருப்பிக் கொடுத்தார். கயிறு கட்டாமல் வந்ததையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். விஷத்துக்கு மருந்து இருக்கிறது, ஆனால் அந்த மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, விஷம் ஏறியிருக்கிறது என்று தெரிந்தால்தான் போடுவேன் என்றார். அதைத் தெரிந்துகொள்ள அவர் செய்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் ரத்தத்தை எடுத்து ஒரு காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, இருபது நிமிஷம் யாரும் இதைத் தொடக் கூடாது, ஆட்டக் கூடாது என்றார். பிறகு சாய்த்துப் பார்ப்பாராம். உறைந்திருந்தால் நல்லது. தண்ணீர் மாதிரி ஓடினால் விரியன் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மழை நாள், கேஷுவாலிட்டி நிரம்பி வழிந்தது. வழுக்கி விழுந்தவர்கள், ஷாக் அடித்தவர்கள், ஸ்ட்ரெச்சர்கள் போவதும் வருவதும். குழாய் வைத்திருந்த மேஜையை யாராவது இடித்துவிடுவார்கள் என்று எனக்கு பயம். மேஜைக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். ஒரு வார்டுபாய் தள்ளி நிற்கச் சொன்னார். நகரவில்லை. என் வாழ்க்கையில் நான் காவல் காத்த சாமான்களில் அந்தக் குழாயைப் போல எதுவும் இல்லை.

இடையில் இசக்கியின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன், மாரி. அவனிடம் காட்டினேன்.

"வேண்டாம்க்கா. இப்பப் பேசுனா குரல்லயே கண்டுபிடிச்சிருவா" என்றான். அடித்து அடித்து அது நின்றது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். "அக்கா, நான் செத்துக் கித்துப் போயிட்டா, பிள்ளை பெறந்த பொறவு சொல்லுங்க. மொதல்ல சொல்லிராதீங்க" என்றான். அதுவரைக்கும் அவனுக்கு பயம் இருக்கிறது என்றே நான் நினைக்கவில்லை. என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. ஏதோ ஏசினேன்.

அந்த நேரத்தில் சேட் வந்து நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கையில் பிஸ்கட் பாக்கெட்டும் இசக்கிக்கு மாற்றுச் சட்டையும். வண்டி மாட்டிக்கொண்டதால் இறங்கி நடந்து வந்திருக்கிறார். போலீஸ் என்ற பேச்சையே எடுக்கவில்லை. குழாயைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும், அவரும் வந்து என் பக்கத்தில் மேஜைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

டாக்டர் வந்தார். குழாயை எடுத்து மெதுவாகச் சாய்த்தார். ஒன்றும் ஓடவில்லை. இன்னும் சாய்த்தார், கிட்டத்தட்டத் தலைகீழாக. ரத்தம் அடியில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது. "ஜம் கயா" என்றார். உறைந்துவிட்டது.

சேட் சுவரில் சாய்ந்துவிட்டார். இசக்கி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, நல்லதா கெட்டதா என்று கேட்டான். யாரும் அவனுக்கு எதையும் சரியாக விளக்கியிருக்கவில்லை. நல்லது ல, நல்லது என்றேன். வெளியே படிக்கட்டில் போய் நின்று மழையைப் பார்த்தேன். அப்போதுதான் கிளவுஸ் பை இன்னும் என் கையில் இருப்பதே தெரிந்தது, விரல்கள் மடங்கியபடியே இறுகிப் போயிருந்தன.

டாக்டர் உடனே விடவில்லை. சில விஷம் தாமதமாக வேலை செய்யும், மறுநாள் வரை படுக்க வைத்து அடிக்கடி பார்க்க வேண்டும் என்றார். எல்லாத் தடவையும் ரத்தம் உறைந்தது. மறுநாள் அனுப்பிவிட்டார்கள். மோதிரத்தை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தேன்.

புறப்படும்போது டாக்டரிடம் கேட்டேன், கிளவுஸ்தான் காப்பாற்றியதா என்று. தெரியாது என்றார். பல் தோலோடு நின்றிருக்கலாம். உள்ளே இறங்கியும் பாம்பு விஷம் விடாமல் போயிருக்கலாம். விஷமில்லாத பாம்பாகவும் இருக்கலாம். இந்த மூன்றில் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதை நீங்கள் மறக்கக் கூடாது. விஷயம் பரவி, பட்டறைக்காரர் என்னிடம் வந்து, பாம்புக் கடி தாங்கும் கிளவுஸ் என்று போர்டு வைக்கட்டுமா என்று கேட்டார். கூடாது என்றேன். சிராய்க்கும் முள்ளுக்கும் தைத்தது அது. பாம்பு தாங்கும் என்று நம்பிக்கொண்டு ஒருவன் அடுக்குக்குள் கையை விட்டால் அதற்கு யார் பொறுப்பு? இசக்கி ஊருக்குப் போய், பெண் குழந்தை பிறந்து, பெயர் வைத்துத் திரும்பி வருவதற்குள் அந்தப் பின்சுவர் அடுக்கைப் பிரித்து, தரையிலிருந்து தூக்கிப் பலகைமேல் அடுக்கிவிட்டோம். கம்பால் தட்டிவிட்டு, கொக்கியால் இழுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும் என்று ஆயிற்று. நீங்கள் இன்று பார்க்கிற கொக்கிகள் அப்போது வந்தவை. கட்டைவிரல் அடியில் வைக்கிற இரண்டாவது அடுக்கை விரல் அகலம் நீட்டித் தைக்கச் சொன்னேன். அதைக் குறைத்தால் விலை குறையும் என்று யாராவது வந்து சொல்வார்கள். குறைக்காதீர்கள்.

புது கிளவுஸ் வாங்கினால் முதலில் நீங்கள் போட்டுக்கொண்டு கட்டை தூக்குங்கள். கிழிந்ததை வீசாமல் பாருங்கள். யாராவது ஒன்றும் இல்லை என்று சொன்னால், வண்டியை எடுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அந்தச் சாயங்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ரத்தம் உறைந்ததைப் பார்த்த பிறகு இசக்கியை வார்டுக்கு மாற்றினார்கள். ஒரு கை சட்டத்தில், இன்னொரு கையில் ஊசி. மாரிக்குப் போன் போட்டுக் காதில் வைக்கச் சொன்னான். வைத்தேன். ஒரு லோடு அவசரம், நாளைய ரயிலில் வர முடியவில்லை, எப்படியும் அடுத்த வண்டியில் வந்துவிடுகிறேன் என்று சாதாரணமாகத்தான் சொன்னான். மறுபக்கம் மாரி ஆரம்பித்தாள். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கேட்டது.

"பிள்ளை எனக்கா, ஒங்க சேட்டுக்கா? ஒரு டிக்கெட்டு கெடைக்க எத்தன சாமியக் கும்பிட்டேன் தெரியுமா? வராதீங்க. அந்தக் கட்டையவே கட்டிப் பிடிச்சிக்கிட்டு அங்கனயே கெடங்க."

நிறுத்தவே இல்லை. அவன் அம்மாவை, அவன் ரூம்காரர்களை, சேட்டை, ரயில்வேயை, ஒருவரையும் விடவில்லை. வார்டு சிஸ்டர் தூரத்திலிருந்து முறைத்தார். சங்கடமாக இருந்தது. கட் பண்ணட்டுமா என்று ஜாடையில் கேட்டு போனைக் காதிலிருந்து கொஞ்சம் எடுத்தேன்.

இசக்கி தலையை என் கைப்பக்கம் நகர்த்தினான். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"இருக்கட்டும்க்கா. இன்னும் கொஞ்ச நேரம் ஏசட்டும்."

கை கடுத்தது. போனை மறு கைக்கு மாற்றி, அவன் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.